போதுங்கப்பா

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு மிஷின் வேண்டியிருக்கிறது. நடந்தால் ‘நடந்தாய்’ என்று சொல்ல மணிக்கட்டில் ஒன்று, தூங்கி எழுந்தால் ‘நன்றாகத் தூங்கினாய்’ என்று சொல்லத் தலைமாட்டில் ஒன்று. தூங்கினவனுக்குத் தெரியாதா தூங்கினானா இல்லையா என்று? பஸ்ஸில் டிரைவர் கிடையாது. ஸ்டியரிங் தானாகச் சுற்றுகிறது, அதை நம்பி உள்ளே இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அடுப்பு பேசுகிறது, ஃபிரிட்ஜ் பதில் சொல்கிறது, வீட்டு மனிதர்கள்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. இதெல்லாம் போய்த் தொலையட்டும். சோற்றுத் தட்டை விட்டு எழுந்திருக்கவும் ஒரு மிஷின் வந்துவிட்டது என்று மகள் சொன்னபோது நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“கையை எடுத்தா எந்திரிச்சுக்கலாம். இதுக்கு எதுக்கு அம்மிணி மிஷினு?”

“கையை எடுக்க முடியலீங்கப்பா. அதுதானே பிரச்சினையே,” என்றாள் பூங்கோதை.

மேற்கொண்டு வாயைத் திறக்கிற யோக்கியதை அவருக்கு இல்லை. மகள் தட்டை விட்டு எழுந்திருக்க வேண்டி வந்ததே அவரால்தான்.

நாச்சிமுத்து போர்வெல் லாரி ஓட்டியவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் அவர் பார்த்ததெல்லாம் அடுத்தவன் ஊர் மண்ணைத்தான். ஜோசியன் சொன்னாலும் சரி, இன்ஜினியர் சொன்னாலும் சரி, துளையிலிருந்து ஈரச் சேறு மேலே வந்து விழுகிற வரைக்கும் தண்ணீர் இருக்கிறது என்று நம்ப மாட்டார். அப்படிச் சுற்றின ஏதோ ஒரு ஊரில், காய்ச்சலுக்குப் போட்ட ஏதோ ஒரு ஊசியில் காமாலைக் கிருமி உடம்புக்குள் ஏறியிருக்கிறது. ஏறியது சத்தமில்லாமல் உட்கார்ந்து, இத்தனை வருஷம் கழித்து ஈரலை முழுசாக அரித்துவிட்டது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“குடிப்பீங்களா?”

“இல்லீங்க.”

“நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?”

“தொட்டதே இல்லீங்க.”

உடனே அவர்கள் பூங்கோதையின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தலையாட்டினால்தான் எழுதிக்கொள்வார்கள். லாரிக்காரன் சொன்னால் ஏறாது. அந்தப் பார்வையில் அவருக்குக் கூசும். செய்யாத தப்புக்கும் மனுஷனுக்கு வெட்கம் வரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்.

யாராவது பாதி ஈரல் கொடுத்தால் பிழைக்கலாம் என்றார்கள். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடுமாம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இருப்பது ஒரே மகள். எல்லாம் பொருந்தியது. ஆனால் அவள் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது.

“பதினாலு கிலோ குறைச்சுட்டு வாம்மா,” என்றார் டாக்டர். “கொழுப்பு தானா கரைஞ்சிரும். மழைக்காலம் முடியறதுக்குள்ள வரணும். அதுக்கப்பறம் நீ எவ்வளவு இளைச்சு வந்தாலும் அப்பாவுக்குப் பிரயோஜனப்படாது.”

இதை அவர் அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார். நாச்சிமுத்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூங்கோதைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். துணி வரவில்லை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், சாயம் வெளுத்தாலும் அவளைத்தான். மாப்பிள்ளை ஒரிசாப் பக்கம் போர்வெல் ரிக் வண்டியில் இருக்கிறார், நோம்பி நொடி என்று பண்டிகைக்குத்தான் வருவார். குழந்தை இனியா யூகேஜி. இத்தனைக்கும் நடுவில் பூங்கோதை உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. டீ நேரத்தில் நின்றுகொண்டே ஒரு பப்ஸ், யாருக்கோ பிறந்தநாள் என்றால் ஒரு துண்டு கேக், குழந்தை மிச்சம் வைத்த இட்லி, அடுப்படியில் நின்றபடி வாணலியில் ஒட்டியிருக்கிற பொரியல்.

“நின்னுட்டே திங்கறது கணக்குல வராதுன்னு இருந்துட்டேனுங்கப்பா,” என்றாள் ஒரு நாள், சிரித்துக்கொண்டு.

முதலில் விடியற்காலையில் நடந்தாள். ஒரு ஷிப்மெண்ட் நெருக்கடியில் அது நின்றது. பிறகு கொள்ளுக் கஞ்சி. மாரியம்மன் நோம்பிக்கு ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்து, ஆளாளுக்கு ஊட்டிவிடாத குறையாகத் தட்டில் வைத்ததில் அதுவும் போனது. குறைந்த இரண்டு கிலோ திரும்பி வந்தது, வரும்போது இன்னொரு கிலோவையும் கூட்டிக்கொண்டு வந்தது. நாச்சிமுத்துவின் வயிறோ நீர் கோத்து உப்பிக்கொண்டே போனது.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவளுடைய கைப்பையைத் திறந்து துழாவினார். பெற்ற மகளின் பையை. எண்ணெய் ஊறிய ஒரு பேக்கரிக் காகிதம் கையில் மாட்டியது. முகர்ந்தும் பார்த்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் அதை நீட்டினார்.

“இது யார் தின்னது?”

“நான்தானுங்கப்பா. மத்தியானம் சாப்பிட நேரமில்லாம…”

“நீ பப்ஸ் திங்கல அம்மிணி. என்னைத் திங்கற.”

பூங்கோதை துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த இனியா தலையைத் தூக்கி, “அப்புச்சிய எப்படிம்மா திங்கறது?” என்று நிஜமாகவே கேட்டது. நாச்சிமுத்து வெளியே போய்க் காம்பவுண்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். சொன்ன சொல்லைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள ஒரு வழி இருந்தால் எப்பேர்ப்பட்ட மிஷினாக இருந்தாலும் வாங்கியிருப்பார்.

அடுத்த வாரம்தான் பூங்கோதை அந்தப் பொட்டு மிஷினைப் பற்றிச் சொன்னாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், எடை குறைக்கிற நிலையம். அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே ஏசி. மிதுன் என்று ஒரு பையன், பெங்களூரில் படித்துவிட்டு வந்தவன், நெற்றிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒன்றை விரல் நுனியில் வைத்துக் காட்டினான். தோல் நிறம். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதாம்.

“வயிறு நெறைஞ்சதும் மூளைக்கு ஒரு சேதி போகுமில்லீங்களா ஐயா? அதை இது கேட்டுப் பதிஞ்சு வெச்சுக்கும். அப்பறம் இவங்க ஒரு குறிப்பிட்ட சொல்லை வாயால சொன்னா, அதே சேதியை மறுபடி அனுப்பும். பாதி வயிறு சாப்பிட்டிருந்தாலும் முழு வயிறு மாதிரி இருக்கும். அஞ்சாறு மணி நேரம் பசியே தெரியாது.”

“அப்ப பொய்ச் சேதி.”

“பொய்யின்னு இல்லீங்க. கொஞ்சம் முன்னாடியே வர்ற சேதி.”

“நடக்காததை முன்னாடியே சொன்னா அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு.”

“அப்பா, சித்த சும்மா இருங்க,” என்றாள் பூங்கோதை. பிறகு பையனைக் கேட்டாள். “ஏங்க, இதுக்கு ஒரு சொல்லு எதுக்கு? தானா நிறுத்தாதா?”

“தானா நிறுத்தினா மனசு ஏத்துக்கறதில்லீங்க, சண்டை போடுது. நம்ம வாயால சொன்னாத்தான் உடம்பு கேக்குது. நீங்களே ஒரு சொல்லு சொல்லுங்க, பதிஞ்சுக்கலாம்.”

அவள் யோசிக்கவேயில்லை. “போதும்,” என்றாள்.

அவனும் தலையாட்டிப் பதிந்துவிட்டான். பெங்களூரிலிருந்து வந்தவனுக்கு என்ன தெரியும்? ஒரு திருப்பூர்க்காரி ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தச் சொல்லைச் சொல்வாள் என்று அவளே நினைத்துப் பார்க்கவில்லை. பாட்டி தலைமுறையிலிருந்து தட்டின் முன்னால் சொல்கிற சொல் அது என்பதால் சட்டென்று வாயில் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே தண்ணீரில் விளையாடிய இனியாவிடம் “போதும், வா” என்றாள். வயிறு நிறைந்தது. கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் சாக்குப்போக்குச் சொன்னபோது “போதுமுங்க, நிறுத்துங்க” என்றாள். மறுபடி நிறைந்தது. போனில் ஒரு தரம், கணக்குப்பிள்ளையிடம் ஒரு தரம். மத்தியானத்துக்குள் இரண்டு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து எழுந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கத் தோன்றவில்லை. சாயங்காலம் ஸ்கூட்டரில் வரும்போது நொய்யல் பாலத்தருகே கண் இருட்டி, வண்டியோடு ஓரமாகச் சாய்ந்தாள். முழங்கை தேய்ந்துபோய் வீடு வந்து சேர்ந்தாள்.

“தூக்கிக் குப்பையில போடு அதை,” என்றார் நாச்சிமுத்து.

“சொல்லைத்தான் மாத்தணும். ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்ற சொல்லா இருந்தாத் தேவலைன்னு அந்தத் தம்பி சொன்னாரு.”

மாற்றிக்கொண்டு வந்தாள். புதுச் சொல் ‘போதுங்கப்பா’.

“இனி நீங்கதான் எனக்குப் பரிமாறணும்,” என்றாள். “காலையிலும் பொழுது சாய்ஞ்சும். நான் கொஞ்சம் சாப்பிட்டதும் கரண்டியோட வாங்க. நான் சொல்றேன்.”

“ஏன், நானா?”

“உங்களை விட்டா ஊருக்குள்ள வேற யாரை நான் அப்பான்னு கூப்பிடறது?”

லாரியில் பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்ட கை அவருடையது. அடுப்படி அவருக்குப் புதிதில்லை. காலையில் ராகிக் களியோ தோசையோ, சாயங்காலம் கொஞ்சம் சோறும் நிறையக் காயும். அவள் உட்கார்ந்து பாதி சாப்பிட்டதும் கரண்டியை எடுத்துக்கொண்டு போவார். அவள் தட்டுக்கு மேலே கையை விரித்து, “போதுங்கப்பா” என்பாள். உடனே முகத்தில் ஒரு சாந்தம் வரும். எழுந்து கை கழுவுவாள். முதல் வாரமே எடை கீழே இறங்கியது. நாச்சிமுத்து ஆச்சரியப்பட்டார், ஆனால் நம்பவில்லை. ஏதோ தற்செயல் என்று நினைத்துக்கொண்டார்.

நம்பாத ஆளுக்கும் பயம் உண்டே. மழை சீக்கிரமாகவே பிடித்துக்கொண்டது. அவர் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. குறைய வேண்டிய எடையோ பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

இங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. வீடுகளில் பரிமாறும்போது நடப்பதுதான். கரண்டி தட்டுக்கு நேரே வந்தால் கை தானாக விரியும், வாய் தானாக ‘போதும்’ என்னும். அது மரியாதைக்குச் சொல்வது. பரிமாறுகிறவன் அதைக் காதில் வாங்காமல் போடுவான். இரண்டாவது தரம், தட்டை இழுத்துக்கொண்டு சொல்கிறது பார், அதுதான் வயிறு சொல்கிற போதும். எது மரியாதை, எது வயிறு என்று பரிமாறுகிறவனுக்குத் தெரியும். பொட்டுக்குத் தெரியாது. அதற்கு முதல் போதுமே போதும்.

ஒரு நாள் பாதித் தட்டுக்கு முன்னாலேயே கரண்டியோடு போனார். கை விரிந்தது. “போதுங்கப்பா.” மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னால். அதற்கடுத்த வாரம் அவள் மூன்று வாய் சாப்பிட்டிருக்க மாட்டாள், இவர் ஆவி பறக்கிற சோற்றோடு எதிரே நிற்பார். “இன்னும் சித்த போடறேன் கண்ணு.” நெய்யை வேறு விட்டுப் பிசைந்து வைத்திருப்பார், வாசம் வரட்டும் என்று. அவள் ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு கையை விரிப்பாள். எழுந்து போய்விடுவாள். தட்டில் மிச்சமிருக்கிற சோற்றை அவர் அவசரமாக வழித்து மூடி வைப்பார்.

மகளுக்குச் சோறு போடுகிற கையாலேயே அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

பக்கத்து வீட்டு வேலாத்தா, மோர் கேட்டு வந்தவள், வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கள மாதிரி ஒரு அப்பனைப் பாக்க முடியாதுங்ணா. தான் எந்திரிச்சு நிக்க மாட்டாம, மகளுக்குக் கரண்டி புடிச்சுட்டு நிக்கறீங்களே. அந்தப் புள்ளை என்னடான்னா ரெண்டு வாய்க்கு மேல தொட மாட்டேங்குது. சாப்புடு அம்மிணி! அப்பன் மனசு நோகுமில்ல?”

“வயிறு நெறைஞ்சிருச்சுங்கக்கா,” என்றாள் பூங்கோதை.

நாச்சிமுத்துவுக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மறுபடியும் சீக்கிரமாகவே போய் நின்றார். ‘அவளுக்குத்தான் பசி தெரியாதே, மிஷின் பார்த்துக்கொள்கிறதே’ என்று சொல்லிக்கொண்டார். நம்பாத மிஷினை அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் நம்பினார்.

பூங்கோதை இளைத்தாள். முதலில் அழகாக இளைத்தாள், அப்புறம் வேறு விதமாக. வளையல் முழங்கைக்கு ஓடியது. சீப்பில் முடி கற்றையாக வந்தது. இனியாவிடம் எரிந்து விழுந்துவிட்டு, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். சில வேளை கம்பெனியிலிருந்து வந்ததும் அடுப்படி வாசலில் வந்து சும்மா நிற்பாள். என்ன அம்மிணி என்றால், “ஒண்ணுமில்லீங்க, ரசம் வாசம்” என்பாள். பசியில்லாதவளுக்கு ரசம் எதற்கு வாசமடிக்கிறது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் பொட்டு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வார். ஒட்டியிருக்கும்.

மழைக்காலம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தபோது கோயமுத்தூருக்குப் போனார்கள். எடை பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“ஈரல் கண்ணாடி மாதிரி இருக்கும்மா. நாங்க கேட்டதுக்கு மேலயே குறைச்சிருக்க. இத்தனை வேலைக்கு நடுவுல இதைச் செய்ய முடிஞ்சவங்க ரொம்பக் கம்மி. இனி குறைக்காத. ஆபரேஷனுக்கு உடம்புல தெம்பு வேணும், நல்லாச் சாப்பிடு.”

வெளியே வந்ததும் பூங்கோதை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். “பஸ் வந்துரும், வா” என்றார்.

திருப்பூரில் இறங்கியதும் அவள், “இனியாவுக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வந்தர்றேன். நீங்க இங்கயே நிழல்ல உக்காருங்க” என்று பக்கத்துக் கடைகளுக்குப் போனாள். நாச்சிமுத்து உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்தால் அந்த மாடி நிலையத்தின் பலகை தெரிந்தது. அவருக்கு ஒரு யோசனை. ஆபரேஷனுக்கு முன்னால் பொட்டை எடுக்க வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா? யாரும் சொல்லவில்லையே. அதோடு, திட்டின வாயால் அந்தப் பையனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம். படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி ஏறினார்.

மிதுன் நாற்காலி போட்டான். தண்ணீர் கொடுத்தான். செய்தியைக் கேட்டதும் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

“மிஷினுன்னா எனக்கு ஆகாது தம்பி. ஆனா உன்னோடது வேலை செஞ்சிருக்குது. அதை ஒத்துக்கணும்,” என்றார் நாச்சிமுத்து. “ஆபரேஷனுக்கு முன்னால அதை எப்பக் கழட்டணும்?”

பையன் புரியாமல் பார்த்தான்.

“எதைங்க ஐயா?”

“அதுதான், பொட்டு.”

“அதை அவங்க சொல்லை மாத்தினதுக்கப்பறம் ரெண்டாவது வாரமே திருப்பிக் குடுத்துட்டாங்களே. ஈரல் குடுக்கறவங்க நரம்போட பேசற எந்தக் கருவியும் போட்டிருக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம்.”

“கழட்டலியே. காதுக்குப் பின்னால இருக்குது. இன்னைக்குக் காலையில பாத்தனே.”

மிதுன் தயங்கினான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் கிழவர் பார்த்த பார்வைக்கு அவனால் மழுப்ப முடியவில்லை.

“அது சாதா ஸ்டிக்கர் பொட்டுங்க. ஃபேன்சி ஸ்டோர்ல விக்கறது. இதே கலர்ல எங்க கிடைக்கும்னு என்கிட்டத்தான் கேட்டாங்க. கழட்டினது தெரிஞ்சா அப்பா தூங்க மாட்டாருன்னாங்க. முன்ன ஒரு தரம் எதையோ தின்னுட்டு உங்ககிட்ட மாட்டிக்கிட்டாங்களாமே. அன்னைக்கு அப்பா முகத்தைப் பாத்தேன், இன்னொருக்கா அதைப் பாக்க முடியாதுன்னாங்க.”



“அப்ப,” என்றார் நாச்சிமுத்து. “அப்ப அவளுக்குப் பசிச்சிருக்குமா?”

“பசிக்காம எப்படிங்க? பொட்டைக் கழட்டினாக் கொஞ்ச நாளைக்கு ரெண்டு பங்காப் பசிக்கும். அடக்கி வெச்சதெல்லாம் சேந்து வரும். எப்படிங்கக்கா சமாளிக்கறீங்கன்னு நானே கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“எங்கப்பா கரண்டியோட சீக்கிரமாவே வந்தர்றாரு, அதனால சுலபமா இருக்குதுன்னாங்க. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க.”

நாச்சிமுத்து எழுந்தார்.

“நீ சொல்றது தப்பு,” என்றார்.

“ஐயா?”

“முதல்ல ஒட்டினப்பவே அந்தச் சேதி உள்ள போய்த் தங்கியிருக்கும். கழட்டினாலும் அது வேலை செய்யும்.”

“அப்படித் தங்காதுங்க ஐயா. கழட்டின அன்னைக்கே போயிரும்.”

“உனக்குத் தெரியாது. நேத்து வந்த பையன் நீ. நான் பக்கத்துல நின்னு பாத்தவன். சொன்ன உடனே முகம் தெளிஞ்சுரும் அவளுக்கு. பசிச்ச முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“திருப்பிக் குடுத்த பொட்டு இங்கதானுங்க இருக்குது. வேணும்னா எடுத்துக் காட்டறேன். பேரு போட்டிருக்கும்.”

மிதுன் அலமாரிப் பக்கம் திரும்பினான். அவன் இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்பதற்குள் கிழவர் கதவைத் தாண்டிவிட்டார்.

படியிறங்க ஏறினதை விட அதிக நேரம் பிடித்தது. கீழே வந்து பார்த்தார். எதிர்ச்சாரியில் ஒரு மெஸ். வாசலோர மேஜையில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு. பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. குனிந்து, பிசைந்து, அள்ளி, அடுத்த வாய் போவதற்குள் அதற்கடுத்ததைப் பிசைந்துகொண்டிருந்தாள். பரிமாறுகிறவன் வாளியோடு வந்து நின்றான். அவள் கை விரியவில்லை. தலையை மட்டும் ஆட்டி, போடு என்றாள். அவன் போட்டான். இன்னும் என்றாள்.

திரும்பினால் பார்த்துவிடுவாள். பார்த்தால் எழுந்துவிடுவாள்.

நாச்சிமுத்து அவள் உட்காரச் சொன்ன நிழற்குடைக்குத் திரும்பிப் போகவில்லை. எதிர்த்திசையில், பூ மார்க்கெட் பக்கமாக, வீங்கின காலை இழுத்துக்கொண்டு நடந்தார். டிரைவர் இல்லாத பஸ் ஒன்று அவருக்காக நின்று, ஏறாததைப் பார்த்துவிட்டுப் போனது.

“பொட்டுத்தான்,” என்று சொல்லிக்கொண்டு போனார். “பொட்டுத்தான் வேலை செஞ்சுது. இல்லாட்டி மனுசங்க யாரால முடியும்? அந்தப் பையனுக்கு ஒரு மண்ணும் தெரியல.”